வெற்று வட்டம்

ஒரு எலிக்கு நான்கு புள்ளி.
மூக்கு, இடச்செவி, வலச்செவி,
வால் தொடங்கும் இடம்.
கையில் ஓர் எலி, திரையில் ஓர் எலி.
கையில் இருப்பது சொன்ன சொல் கேட்கும்.

அறிவியல் நகரில் பின்னேரம் மூன்று மணி.
தகரக் கூரையில் குரங்குகள் ஓடுகின்றன,
அவற்றை யாரும் குறிப்பதில்லை.
பத்து நிமிட வீடியோவில் பதினெண்ணாயிரம் சட்டகம்.
பத்துக்கு ஒன்று போதும் என்றா துஷ்யந்தினி மிஸ்.
அப்படியும் ஏழாயிரத்து இருநூறு சொடுக்கு.
சந்தியில் ஒரு ரோல்ஸ் வாங்குவதற்கு
இந்த எலி பெட்டியை எத்தனை சுற்று ஓடவேண்டுமென்று
கணக்குப் பார்த்துப் பாதியில் விட்டேன்.

பரந்தன் வயலில் பிடித்தது இது.
வரம்பைத் துளைத்து, கதிரை அடியோடு அறுத்து,
அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கையில் அகப்பட்டது.
இப்போது வெள்ளை பூசிய பலகைப் பெட்டிக்குள்.
ஒரு மூலையில் வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சு.
எதிர் மூலையில் கவிழ்த்த ஓட்டுத்துண்டு.
மேலே, நேர் மேலே,
கமரா.

எலி நடுவுக்கு வருவதில்லை.
மீசை உரசச் சுவரோடு போகிறது,
நிற்கிறது, மணக்கிறது, திரும்பவும் சுவர்.
கையேட்டில் இதற்கு ஒரு சொல் உண்டு,
மென்பொருளில் ஒரு விசை, ஒரு மஞ்சள் நிறம்.
கையேட்டின் அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.
எட்டு வயதில், தலைக்கு மேல் வண்டு சுற்றிய நாட்களில்,
நானும் எந்த வெளியையும் நடுவால் கடந்ததில்லை.
எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
தேநீர் ஆற ஆற ஒருவர்
எனக்கு எத்தனை புள்ளி வைத்தாரோ.
செவிகள் தெரிந்திருக்காது, அவ்வளவு உயரத்தில்.

சரி. அடுத்த சட்டகம்.

பக்கத்து மேசையில் மாங்குளத்து டிலுக்சன்.
அதே வீடியோ. ஒருவர் வைத்ததை மற்றவர் பார்க்கக்கூடாது.
முடிந்ததும் மென்பொருள்
இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்.
என்னுடையது சிவப்பு, அவனுடையது நீலம்,
பெரும்பாலும் ஊதா.
வாலடியில் மட்டும் ஓயாத தகராறு.
வால் எங்கே தொடங்குகிறதென்று
எலிக்குத்தான் தெரியுமா என்ன?

4310இல் அது ஓட்டுக்குள் போனது.
வாலும் உள்ளே.
6440 வரை பெட்டியில் பெட்டி மட்டும்.
எழுபத்தொரு நொடி, இருநூற்றுப் பதினான்கு சட்டகம்,
அவன் பக்கத்தில் ஒரு புள்ளியும் இல்லை.
என் பக்கத்தில் எண்ணூற்று ஐம்பத்தாறு
வெற்று வட்டங்கள்.
ஷிப்டை அழுத்திச் சொடுக்கினால் விழும் அந்த வட்டத்துக்குப் பொருள்:
இங்கே இருக்கிறது, தெரியவில்லை.

“ஏன் இவ்வளவு வித்தியாசம்?” மிஸ் கேட்டா.
“ஓட்டுக்குள்ளதான் மிஸ் இருக்கு.
வேற எங்க போறது?”
டிலுக்சன் திரையைவிட்டுத் திரும்பவில்லை.
“காணாததுக்கு வட்டம் போடுற வேலையை
வீட்டில அம்மா செய்யிறா.
எனக்கு ஏலாது.”

மின்விசிறி ஒரு தரம் தடக்கிச் சுற்றியது.
மிஸ் எதையோ குறித்துக்கொள்ளப் பேனை தேடினா,
பேனை அவ கையிலேயே இருந்தது.

அழிக்கும் விசையில் விரலை வைத்தேன்.
அழிப்பதற்கு முன் ஒரே ஒரு சட்டகம்
முன்னால் நகர்த்திப் பார்த்தேன்.

6450.
ஓட்டின் மறுபக்கத்தால் மூக்கு வருகிறது.
நான் வைத்த வட்டங்கள் எல்லாம்
மூலையைப் பார்த்து முகம் திருப்பியிருந்தன.
உள்ளே அது எப்போதோ திரும்பிவிட்டிருக்கிறது.
இருந்தது என்ற ஒன்றைத் தவிர
மற்ற எல்லாவற்றிலும் நான் பிழை.

மூக்கு: ஊதா.
செவிகள்: ஊதா.
வாலடியில் மூன்று பிக்சல் தகராறு.
கதிரையை இழுத்துக்கொண்டு டிலுக்சன் வந்தான்,
அதைப் பற்றி மட்டும்
கரண்ட் போகும்வரை சண்டைபிடித்தோம்.